வகுப்பைப் பதிவு செய்கிறோம், யார் கேட்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக ஆசிரியர்கள் தொழில்நுட்பம் என்றாலே ஒதுங்குகிறார்கள் என்று உங்கள் நாளிதழில் வாசகர்கள் சிலர் குறைப்பட்டிருந்தார்கள். அதற்கு ஆசிரியர்கள் சிலர் சூடாகப் பதில் எழுதியிருந்தார்கள். இரண்டு தரப்பையும் படித்தேன். நான் ஆசிரியரும் இல்லை, மாணவரும் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்புகளைப் பதிவு செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலர் மைக் மாட்டிவிடுவது, பதிவை வெட்டி ஒட்டி இணையதளத்தில் ஏற்றுவது, புது மென்பொருள் வந்தால் ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, புரொஜக்டர் எரியவில்லை என்று போன் வந்தால் ஓடுவது எல்லாம் எங்கள் பிரிவுதான். அந்த வகையில், எங்கள் பேராசிரியர்கள் பாடம் நடத்துவதை அவர்களே கேட்டதைவிட அதிகம் கேட்டவன் நான்.

உங்கள் பக்கங்களில் நடந்த விவாதம் ஆசிரியர்களை இரண்டாகப் பிரித்துவிட்டது. ஸ்லைடு போடுகிறவர், இணையத்தில் தேர்வு வைக்கிறவர் எல்லாம் முன்னேறியவர்கள். சாக்பீஸோடு நிற்கிறவர் பின்தங்கியவர். எங்கள் பிரிவிலும் அப்படித்தான் பேசிக்கொள்வோம். எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தால் இந்தக் கோடு அழிந்துபோகிறது. தான் நடத்திய வகுப்பைத் திரும்பிப் பார்க்கிறவர், பார்க்காதவர் என்ற வேறொரு கோடுதான் அங்கே தெரிகிறது. பார்க்காதவர்களே மிகப் பெரும்பாலோர். அவர்களில் ஸ்லைடு ஆட்களும் உண்டு, சாக்பீஸ் ஆட்களும் உண்டு.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கணிதப் பேராசிரியர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கேமரா வேண்டவே வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். இணையதளத்தின் கடவுச்சொல்லை ஒவ்வொரு செமஸ்டரும் மறந்துவிட்டு எங்களிடம்தான் வருவார். டிஜிட்டல் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர் என்று துறையில் அவருக்குப் பெயர். ஒரு நாள் வந்து, "குரலை மட்டும் பதிவு செய்து கொடுக்க முடியுமா? எங்கேயும் ஏற்ற வேண்டாம், எனக்குத்தான்" என்றார். கொடுத்தோம். சில நாள் கழித்துப் பென் டிரைவோடு திரும்பி வந்தார்.

"எடிட் செய்யும்போது இடைவெளியை எல்லாம் வெட்டிவிட்டீர்களா?"

"இல்லை சார், அப்படியே முழுசாகத்தான் கொடுத்தோம்."

"அப்படியென்றால் நான் கேள்வி கேட்ட பிறகு இடைவெளியே இல்லையே?"

பதிவைத் திரையில் திறந்தேன். ஒலியை எடிட் செய்கிறவர்களுக்குத் தெரியும், பேச்சு வரும் இடமெல்லாம் மேடும் பள்ளமுமாகத் தடித்துத் தெரியும், மௌனம் ஒரு மெல்லிய நேர்க்கோடாகக் கிடக்கும். "சரி, இந்த எல்லை ஏன் பூஜ்ஜியத்துக்குப் போகவில்லை?" என்று அவர் வகுப்பில் கேட்ட இடத்துக்குப் போனோம். கேள்வி முடிகிறது. நேர்க்கோடு நகத்தின் அகலம்கூட இல்லை. உடனே மறுபடியும் தடிப்பு. அவரே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த கேள்வியிலும் அதே கதை. திரையின் கீழே ஓடும் நேரத்தை வைத்து அளந்து பார்த்தோம். ஒரு விநாடியைத் தாண்டிய மௌனத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. "நான் கேள்வி கேட்டுக் கேட்டு நடத்துகிறவன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். அப்புறம், அடுத்த வாரமும் பதிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது அவர் ஒருவரின் பழக்கமில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் பள்ளி வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து இதையேதான் அளந்தார். 1970களில் வெளிவந்த ஆய்வுகள் அவை. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். மூன்று விநாடியோ அதற்கு மேலோ பொறுத்தபோது மாணவர்களின் பதில் நீண்டது, தாமாக வாய் திறந்தவர்கள் கூடினார்கள், பதிலே வராமல் போவது குறைந்தது. ரோவின் கட்டுரையை எங்கள் பேராசிரியர் படித்திருக்க வாய்ப்பில்லை. அவருக்கு அவருடைய பதிவே போதுமானதாக இருந்தது.

அவர் ஒரே வாரத்தில் மாறிவிடவும் இல்லை. அடுத்த பதிவுகளில் கேள்விக்குப் பிறகு கொஞ்சம் நேரம் கிடைத்தது உண்மைதான், ஆனால் அதையும் "சொல்லுங்க, சொல்லுங்க, யாராவது சொல்லுங்க" என்று அவரே நிரப்பிவிட்டார். செமஸ்டரின் பிற்பகுதியில் ஒரு உத்தி கண்டுபிடித்தார். கேள்வி கேட்டதும் சாக்பீஸை மேசையில் வைத்துவிடுவார். பதிவில் டக்கென்று அந்தச் சத்தம் கேட்கும், பிறகு நேர்க்கோடு, பிறகு பின் வரிசையிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல். தொழில்நுட்பம் பற்றிய மனப்பான்மையை அளக்கும் கேள்வித்தாள்களை நானே ஆசிரியர்களிடம் கொடுத்து வாங்கியிருக்கிறேன். அதில் இவருக்குக் கடைசி இடம்தான் கிடைக்கும்.

மறுபக்கம், வேதியியல் துறையில் ஒரு இளம் உதவிப் பேராசிரியர். எந்தப் புது மென்பொருள் வந்தாலும் எங்கள் வாசலில் முதல் ஆளாக நிற்பார். வாராவாரம் இணையத்தில் சிறு தேர்வு வைப்பார். தளத்தில் ஏதோ கோளாறு என்று பார்க்கப் போனபோது அவருடைய தேர்வின் அறிக்கையைத் திறக்க வேண்டியிருந்தது. ஒரு கேள்வி: கொதிக்கும் தண்ணீரிலிருந்து எழும் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது? காற்று, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும், நீராவி, வெற்றிடம் என்று நான்கு விடைகள். ஒவ்வொரு விடையையும் எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைத் தளமே பட்டைகளாக வரைந்து வைத்திருக்கிறது. சரியான விடையான நீராவிக்கு எதிரே சின்னப் பட்டை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்ற விடைக்கு எதிரே திரையின் பாதி வரை ஓடும் பட்டை. வேதியியல் பட்டப்படிப்பின் முதலாண்டு மாணவர்கள்!

இதுவும் புதிதில்லை. நியூசிலாந்தில் ஆஸ்போர்ன், காஸ்குரோவ் என்ற இருவர் 1983இல் வெளியிட்ட ஆய்வில் பள்ளி மாணவர்கள் இதே விடையைச் சொல்கிறார்கள். தண்ணீருக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கின்றன என்று தெரிந்தவர்தான் இப்படித் தவறு செய்ய முடியும். அதாவது, நாம் கற்பித்ததிலிருந்தே முளைக்கும் தவறு இது. ஒரு ஆசிரியருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறென்ன வேண்டும்? ஆனால் அவர் மதிப்பெண் பட்டியலை மட்டும் எக்செல்லில் இறக்கிக்கொண்டு போயிருந்தார். அறிக்கையைக் காட்டினேன். ஆர்வமாகத்தான் பார்த்தார். "அடடா, ஆனால் அடுத்த யூனிட்டுக்குப் போயாச்சே" என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சிலபஸை முடித்தீர்களா என்று அவரைக் கேட்க ஆள் இருக்கிறது. அந்தப் பட்டை என்ன ஆயிற்று என்று கேட்க யாரும் இல்லை.

தொழில்நுட்பம் பற்றிய மனப்பான்மை ஆய்வுகளில் அடிக்கடி அடிபடும் பெயர் பிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். ஒருவர் ஒரு கணினி அமைப்பை ஏற்றுக்கொள்வாரா என்பதை, இது என் வேலைக்கு உதவும், இதைக் கையாள்வது எளிது என்ற இரண்டு நம்பிக்கைகளை வைத்துக் கணிக்கலாம் என்று 1989இல் அவர் எழுதினார். அலுவலகங்களில் புழங்கும் மென்பொருள்களை வைத்துச் செய்த ஆய்வு அது. அதையே ஆசிரியர்களிடமும் கொண்டுவந்து, உதவுகிறதா, எளிதாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் இந்த இளம் ஆசிரியர் இரண்டுக்கும் ஆம் என்றுதான் எழுதுவார், உண்மையும் அதுதான். தேர்வுத்தாள் திருத்தும் வேலை அவருக்கு மிச்சமாகியிருக்கிறது. உங்கள் பாடம் நடத்தும் முறையைப் பற்றி இந்தக் கருவி உங்களுக்கு எதைக் காட்டியது என்று ஒரு கேள்வியும் அந்தத் தாளில் இல்லை.

நாங்கள் நடத்தும் பயிற்சிப் பட்டறைகளும் அதே ரகம்தான். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று காலையில் சொல்லிக்கொடுப்போம், மாலையில் சான்றிதழ் கொடுப்போம். லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1986இலேயே சொன்னார்: பாடத்தை அறிந்திருப்பது ஒன்று, அந்தப் பாடத்தைக் கற்பிப்பதற்கென்றே ஒரு அறிவு தனியாக இருக்கிறது. மாணவர் எங்கே தடுக்குவார், எந்த உதாரணம் எடுபடும் என்பதெல்லாம் அதில் அடக்கம். 2006இல் புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் என்ற கல்வி ஆய்வாளர்கள் அதோடு தொழில்நுட்பத்தைச் சேர்த்து, பாடம், கற்பிக்கும் முறை, கருவி மூன்றும் கலக்கும் இடத்தைத்தான் ஆசிரியர் அறிய வேண்டும் என்றார்கள். எங்கள் பட்டறையில் வேதியியல்காரரும் வரலாற்றுக்காரரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பொத்தானைக் கற்றுக்கொள்கிறார்கள். பாடத்தின் பேச்சே அங்கே எழாது.

திரும்பிப் பார்ப்பதில் இருவகை உண்டு என்று 1983இல் டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் எழுதினார். வேலை நடக்கும்போதே யோசிப்பது ஒன்று, முடிந்த பிறகு யோசிப்பது இன்னொன்று. முதல் வகையில் நம் ஆசிரியர்கள் பலர் கெட்டிக்காரர்கள். முன்வரிசை முகம் சுருங்குவதைப் பார்த்ததும் உதாரணத்தை மாற்றுவார்கள். நானே கேமராவுக்குப் பின்னால் நின்று வியந்திருக்கிறேன். இரண்டாவதற்கு மனசு மட்டும் போதாது, பதிவும் வேண்டும். நம் நினைவு எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் சாட்சி சொல்லும். இது தெரிந்துதான் 1963வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலனும் சகாக்களும் ஒரு முறையை உருவாக்கினார்கள். பயிற்சி ஆசிரியர் நாலைந்து மாணவர்களுக்கு ஐந்து பத்து நிமிடம் பாடம் எடுப்பார், அதை வீடியோவில் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டுவார்கள், அதே பாடத்தை அவர் மறுபடி எடுப்பார். அந்தக் காலத்து வீடியோ இயந்திரத்தைத் தூக்கவே ஆள் வேண்டும். இன்றைக்கு எல்லோருடைய சட்டைப் பையிலும் கேமரா இருக்கிறது. பள்ளி ஆசிரியராகப் படிக்கிறவர்கள் இந்த மாதிரிப் பயிற்சியைக் கடந்துதான் வருகிறார்கள். பல்கலைக்கழக ஆசிரியர் பெரும்பாலும் ஆராய்ச்சிப் பட்டத்தோடு நேராக வகுப்புக்குள் நுழைகிறார். எப்படி நடத்துகிறீர்கள் என்று அவருக்கு யாரும் காட்டியதே கிடையாது.

2020 நோய்த்தொற்றுக் காலத்தில் அவர்கள் எல்லோருமே தங்களைத் திரையில் பார்க்க நேர்ந்தது. பாடம் நடத்தும்போதே மூலையில் ஒரு கட்டத்தில் தன் முகம். அந்த மாதங்களில் எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட சந்தேகங்களில் ஒன்று எது தெரியுமா? "என் முகம் எனக்குத் தெரியாமல் மறைக்க முடியுமா?" முடியும், ஜூமில் அதற்கு வசதி இருக்கிறது. சொல்லிக்கொடுத்தோம். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. தன்னைத் தானே பார்ப்பது உண்மையிலேயே சங்கடம். குரல்கூட அப்படித்தான். பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமின்றி மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் நம் காதுக்கு வருகிறது, அதனால் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் போய்விடும். முதல் தடவை கேட்கிற எல்லோரும் "இதுவா என் குரல்?" என்று முகம் சுளிப்பார்கள். யாராவது என்னிடம் யோசனை கேட்டால், முதல் தடவை கேட்டதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், இரண்டாம் தடவைதான் பாடம் காதில் விழும், முதலில் படம் வேண்டாம், ஒலி மட்டும் போதும் என்று சொல்வேன்.

கூச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய தடை பயம், அந்தப் பயம் நியாயமானது. எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் ஒரு ஆசிரியர் கோபத்தில் சொன்ன ஒற்றை வாக்கியம் முன்னும் பின்னும் வெட்டப்பட்டு வாட்ஸ்அப்பில் சுற்றியது. இன்னோர் இடத்தில் வருகைப் பதிவைச் சரிபார்க்கப் பதிவுகளைக் கேட்டு வாங்கினார்கள். யார் எப்போது எதற்குத் திறந்து பார்ப்பார்கள் என்று தெரியாத பதிவின் முன்னால் எந்த ஆசிரியரும் புது முயற்சி எதையும் செய்து பார்க்க மாட்டார். ஸ்லைடைப் பார்த்து வாசித்துவிட்டு இறங்கிவிடுவார். அதுதான் பாதுகாப்பு. தொழில்நுட்பம் வந்த பிறகு பாடம் தட்டையாகிவிட்டது என்று மாணவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மாணவர் கருத்துப் படிவம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. செமஸ்டர் முடியும்போது நிரப்புகிறார்கள், முடிவு வருவதற்குள் அந்த மாணவர்கள் வேறு வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வில், தாங்களே கணக்குப் போட்டு விவாதித்துக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகத்தான் உணர்ந்தார்கள். சரளமான சொற்பொழிவைக் கேட்டவர்களுக்கோ நிறையக் கற்ற உணர்வு. படிவத்தை மட்டும் நம்பினால், மாணவரை வேலை வாங்குகிற ஆசிரியர்தான் அடிபடுவார். அந்தப் படிவத்தை ஆசிரியர்கள் மதிப்பதில்லை என்றால் அதை அகம்பாவம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது புதிதாகச் சாட்ஜிபிடி. 2022 நவம்பரில் அது வந்ததிலிருந்து எங்களிடம் வரும் ஆசிரியர்களின் கேள்வி ஒன்றுதான்: மாணவர் அதைப் பார்த்து எழுதினாரா என்று கண்டுபிடிக்க மென்பொருள் இருக்கிறதா? சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, அப்படி எழுதியதைக் கண்டறியும் தன் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. இதைச் சொன்னால் ஏமாற்றத்தோடு திரும்பிப் போகிறார்கள். இலக்கியத் துறையில் ஒரு பேராசிரியை மட்டும், ஆண்டாண்டு காலமாகத் தான் கொடுத்துவந்த கட்டுரைத் தலைப்பை அதில் போட்டுப் பார்த்தார். சுமாரான, தேறிவிடக்கூடிய கட்டுரை வந்தது. அதைப் படித்துவிட்டு அவர் மாணவர்களைத் திட்டவில்லை. "நான் கேட்டதே இவ்வளவுதானா?" என்று தலைப்பைத்தான் திட்டினார். இப்போது மாணவர்கள் முதல் வரைவையும் இரண்டாம் வரைவையும் கொண்டுவந்து, எதை ஏன் மாற்றினோம் என்று வகுப்பில் சொல்ல வேண்டும். அவருக்குத் திருத்தும் வேலை கூடியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வேலைக்கு எந்தப் பணிச்சுமைக் கணக்கிலும் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படுவதில்லை.

நிர்வாகங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எத்தனை ஸ்லைடு ஏற்றினார், எத்தனை பட்டறைக்கு வந்தார் என்று எண்ணுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைத் தன் வகுப்பைத் திரும்பிக் கேட்பதற்கென்று பணிநேரத்திலேயே ஒதுக்கலாம். என்ன பார்த்தார், என்ன கண்டார் என்று அறிக்கை கேட்கக் கூடாது. கேட்டால் அறிக்கைதான் வரும், வேறொன்றும் வராது. யாரோடு சேர்ந்து பார்ப்பது என்பதை ஆசிரியரே முடிவு செய்யட்டும், துறைத் தலைவர் அந்த அறைக்குள் வர வேண்டாம். மாணவர் கருத்தைச் செமஸ்டரின் நடுவிலேயே, எங்கே புரியாமல் போனது என்ற ஒரே கேள்வியாகக் கேட்கலாம், பதில் ஆசிரியருக்கு மட்டும் போகட்டும். பட்டறைக்கு வரும்போது அவரவர் வகுப்பின் பத்து நிமிடப் பதிவோடு வரச் சொல்லலாம். அப்போது வேதியியல்காரர் குமிழியைப் பற்றிப் பேசுவார், வரலாற்றுக்காரர் வேறொன்றைப் பேசுவார், நாங்கள் பொத்தானைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பதிவு ஆசிரியருக்குச் சொந்தமாக வேண்டும். அவர் சரி என்று சொல்லும்வரை வேறு யாருக்கும் அது திறக்கக் கூடாது. இதற்குப் புது மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. நாங்கள் பயன்படுத்தும் தளத்தில் பதிவை ஆசிரியருக்கு மட்டும் தெரியும்படி வைக்கும் வசதி முதல் நாளிலிருந்தே இருக்கிறது. இப்போது அது 'துறையினர் அனைவருக்கும்' என்று இருக்கிறது. மாற்ற எங்களுக்கு ஒரு பிற்பகல் போதும், மாற்றச் சொல்லிச் சுற்றறிக்கை மட்டும் மேலிருந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
பல்கலைக்கழக ஒளிப்பதிவுப் பிரிவு ஊழியர்
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)